பம்ப்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளப்போம்

நகருக்குள் நன்றாக ஓடும் கார், கெந்திங் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் திணறுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடவில்லை. "பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் செலவழித்த பணம் வீண். ஊகத்தை நம்பாமல், ஓர் அழுத்தமானியைக் கொண்டு உண்மையைக் கண்டுபிடிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

பெட்ரோல் செல்லும் பாதை

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்த விகிதம் மாறாமல் இருக்க, காரில் உள்ள கணினி 'இன்ஜெக்டர்' எனும் சிறு வால்வுகளைச் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்தே பெட்ரோலின் அளவைக் கணக்கிடுகிறது. அழுத்தம் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரியாக வரும்.

அந்த அழுத்தத்தைத் தருவது, பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் மின்சார பம்ப். அது தள்ளும் பெட்ரோல், வடிகட்டியைக் கடந்து எஞ்சினில் உள்ள பங்கீட்டுக் குழாய்க்கு வந்து, இன்ஜெக்டர்களுக்குப் பிரிகிறது. மிகையான பெட்ரோலை அழுத்தச் சீராக்கி தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். காற்று நுழையும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களில் இந்த அழுத்தம் பொதுவாக 300 முதல் 400 கிலோபாஸ்கல் வரை இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 220 கிலோபாஸ்கல்தான்.

இன்ஜெக்டர் வழியே பாயும் பெட்ரோலின் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். அழுத்த வேறுபாடு 300-இலிருந்து 240 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால், பாயும் பெட்ரோல் சுமார் 11 விழுக்காடு குறையும். புகைக்குழாயில் உள்ள உயிர்வளி உணரி இதைக் கணினிக்குத் தெரிவிக்கும். கணினியும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் வலுவிழக்கும். மாறாக, அழுத்தம் அதிகமானால் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும்.

நான்கு அளவீடுகள்

முதலாவது, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பும்போது. பல கார்களில் பம்ப் இரண்டு மூன்று விநாடிகள் ஓடி நிற்கும். அழுத்தமானியின் முள் உடனே உயர வேண்டும். உயரவில்லை என்றாலும் பம்ப் மீது பழி போடக்கூடாது. பியூஸ், ரிலே, மின்கம்பி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும், ஓடும் பம்ப்புக்கு 9 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால், இடையில் துருப்பிடித்த இணைப்பு ஏதோ மின்தடையாக நிற்கிறது. ஓம் விதி இங்கே கைகொடுக்கிறது.

இரண்டாவது, கார் நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது. அப்போது காற்று நுழையும் குழாயில் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் அந்தக் குழாயையும் சீராக்கியையும் ஒரு சிறு ரப்பர் குழாய் இணைக்கிறது. 300 கிலோபாஸ்கலுக்கு அமைத்த சீராக்கி என்றால், அழுத்தமானி சுமார் 240 காட்டும். ரப்பர் குழாயைக் கழற்றினால் 300-க்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் சீராக்கியைச் சந்தேகிக்கலாம். அந்த ரப்பர் குழாயில் பெட்ரோல் இருந்தால், சீராக்கியின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, எஞ்சின் அதிக வேலை செய்யும்போது. மலையேறும் கார் திணறுவதற்கான காரணம் இங்கேதான் வெளிப்படும். பெட்ரோல் தேவை கூடும்போது முள் இறங்கினால், வடிகட்டி அடைத்திருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம், அல்லது பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். விலை குறைந்த வடிகட்டியையும் மின் இணைப்பையும் முதலில் பார்ப்பதே முறை.

நான்காவது, எஞ்சினை நிறுத்திய பிறகு. அழுத்தம் சில நிமிடங்களாவது நிலைத்திருக்க வேண்டும். சட்டென்று இறங்கினால், அடுத்த முறை எஞ்சின் கிளம்ப நேரமெடுக்கும். பெட்ரோல் கசிய மூன்று வழிகள் உண்டு: பம்ப்பின் ஒருவழி வால்வு, சீராக்கி, இன்ஜெக்டர். பம்ப்பிலிருந்து வரும் பாதையை அடைத்ததும் கசிவு நின்றால் வால்வுதான் காரணம். திரும்பிச் செல்லும் பாதையை அடைத்ததும் நின்றால் சீராக்கி. இரண்டையும் அடைத்தும் நிற்கவில்லையா? வெளியே கசிவு ஏதும் இல்லையென்றால், இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துக்கொள்ளும் உங்கள் அறிவியல் கூடப் பரிசோதனையும் இதே முறைதான்.

வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். குழாயைக் கழற்றும்போது அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் பீறிட்டு, சூடான எஞ்சின் மீதோ தீப்பொறியிலோ பட்டால் தீப்பற்றிவிடும். பட்டறையில் முதலில் அழுத்தத்தை வெளியேற்றி, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் புதிய எஞ்சின்களில் அழுத்தம் 20,000 கிலோபாஸ்கல் அளவுக்கு எட்டும். அந்தப் பீறல் தோலையே துளைக்கும். அங்கே சாதாரண அழுத்தமானியை மாட்டவே கூடாது. காரின் உணரி காட்டும் அளவை மின்னணுக் கருவி வழியாகப் படிப்பார்கள்.

நம்மால் செய்யக்கூடியது வேறு ஒன்று உண்டு. பம்ப்பைக் குளிர்விப்பதே அதன் வழியாகவும் அதைச் சுற்றியும் இருக்கும் பெட்ரோல்தான். ஆகவே தொட்டி வற்றும்வரை ஓட்டாமல் இருப்பது நல்லது என்று வீட்டில் சொல்லலாம். பம்ப்பை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "அழுத்தம் எவ்வளவு காட்டியது?" என்று முதலில் கேட்கவும் சொல்லுங்கள்.