உராய்வே இல்லாத பொருள் கிடைச்சா எங்கே பயன்படும்?
காரில் போடும் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்ஜின், கியர், டயர், பிரேக் உராய்விலேயே போய்விடுகிறது. உராய்வே இல்லாத ஒரு பொருள் கிடைச்சா?

பிஸ்டன், பேரிங், கியரில் பூசலாம். பெட்ரோல் மிச்சம், தேய்மானமும் குறையும். டயர் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. ஆணி, ஸ்க்ரூ, கயிற்று முடிச்சு எல்லாம் நிற்பதே உராய்வால்தான்.

சரி, இவ்வளவு வழுக்கும் பொருளை எப்படி ஒட்டுவது? நான்ஸ்டிக் தவாவிலும் இதே தலைவலிதான். உலோகத்தைச் சொரசொரப்பாக்கிய பிறகே டெஃப்லான் பிடிக்கும்.

கிராஃபைட் அடுக்குகளைப் பொருந்தாத கோணத்தில் திருப்பினால் உராய்வு கிட்டத்தட்ட மறைவதை, 2004-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனா அந்தத் துண்டு சில நானோமீட்டர்தான். பிஸ்டனுக்கு அது எந்த மூலைக்கு?