நெல்லிக்காய் ஜாடியும் இடுப்புத் துப்பாக்கியும்

நெல்லிக்காயை உப்பில் ஊறப்போட ஒரு நெட்டையான கண்ணாடி ஜாடியை எடுக்கிறீர்கள். காய் 3 செ.மீ. பருமன், ஜாடியின் உள்ளகலமும் அதே 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காய்கள் ஒன்றின் தலையில் ஒன்றாகத்தான் நிற்கும். பத்துக் காய்க்கு 30 செ.மீ. உயரம் வேண்டும். உள்ளகலம் 4.8 செ.மீ. உள்ள ஜாடிக்கு மாற்றினால் காய்கள் இடமும் வலமுமாகச் சரிந்து உட்காரும். அதே பத்துக் காய் இப்போது ஏறக்குறைய 24.6 செ.மீ.க்குள் அடங்கிவிடும். இன்னும் 8 மில்லிமீட்டர் மட்டும் கூட்டி 5.6 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: உயரம் 16.5 செ.மீ.க்கு இறங்கிவிடும். முதலில் கூட்டிய 18 மி.மீ. கொடுத்த லாபத்தைவிடக் கடைசி 8 மி.மீ. கொடுத்த லாபம் அதிகம்.

அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கிகளின் இன்றைய வடிவத்தை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. நெல்லிக்காய் இருந்த இடத்தில் 9 மி.மீ. தோட்டா, அதன் அடிப்பாகம் கிட்டத்தட்ட 10 மி.மீ. பருமன். ஜாடி இருந்த இடத்தில் பிடிக்குள் செருகும் மேகசின் என்ற தகரப் பெட்டி. உயரம் குறைந்தால் பிடி குட்டையாகும், சட்டைக்கு மேல் துருத்தாது. ஆனால் அகலம் கூடினால் இடுப்பில் உறுத்தும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் வடிவமைப்பாளரின் தலைவலி.

இருவரிசை அடுக்கு புதிய சங்கதியே இல்லை. 1935-இல் வந்த பெல்ஜியத்தின் பிரௌனிங் ஹை-பவர் 13 தோட்டா கொண்டது. அந்த மேகசினை உருவாக்கியவர் டியூடொன்னே சேவ். ஆனால் அது பட்டாளத்துக்கான துப்பாக்கி, கனமானது. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைப் புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருந்தது. பத்துதான் உச்சம் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி எழுந்தது; குட்டைத் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி கூடியது. 1995-இல் வந்த க்ளாக் 26 பத்துத் தோட்டா கொள்ளும். குட்டைதான், ஆனால் 3 செ.மீ.க்கு மேல் தடிமன். அடுத்து எல்லாரும் ஒற்றை வரிசைக்குத் தாவினார்கள். 2015-இன் க்ளாக் 43 ஒல்லியானது, தோட்டா ஆறே ஆறு.

2018-இல் ஸிக் ஸாவர் நிறுவனம் பி365 என்ற துப்பாக்கியை வெளியிட்டது. வருஷம் முழுக்க இடுப்பில் இருக்கலாம் என்பதற்காகத்தான் அந்த எண். பத்துத் தோட்டா, தடிமன் சுமார் ஓர் அங்குலம், எடை அரைக் கிலோ. மறு வருஷமே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட் பதினொன்று கொண்டுவந்தது. முழு இரட்டை வரிசைக்கும் ஒற்றை வரிசைக்கும் இடையில் ஓர் அகலத்தைப் பிடித்ததுதான் இதில் உள்ள சாமர்த்தியம்.

வம்பு ஜாடியின் கழுத்தில்தான் இருக்கிறது. அடியில் இரண்டு வரிசை. வாயிலோ ஒரு காய்தான் வெளியே வரமுடியும். ஜாடியைக் கவிழ்த்துக் குலுக்கினால் இரண்டு காய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கழுத்தில் அடைத்து நிற்கும். மேகசினில் இதுவே நடந்தால் துப்பாக்கி திக்கிவிடும். அதனால் பெட்டியை மேல்நோக்கிப் படிப்படியாக ஒடுக்குகிறார்கள். இரண்டு வரிசையும் ஒன்றாக நெளிந்து சேர நீளம் கொடுக்கிறார்கள். அந்த உரசலை மீறித் தோட்டாவை மேலே தள்ள அடியில் முரட்டு ஸ்பிரிங் வேண்டும். பத்தாவது தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், விரல் நுனி சிவந்துவிடும். இதற்கென்றே பிளாஸ்டிக் அமுக்கிகள் விற்கிறார்கள்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிடி பிளாஸ்டிக்கானது, 1982-இன் க்ளாக் 17 அதைப் பரவலாக்கியது. பின்னால் துருத்தும் சுத்தியலுக்குப் பதில் உள்ளேயே ஓடும் ஊசி வந்ததால் துணியில் மாட்டுவதில்லை. பி365-இல் உள்ளிருக்கும் சின்ன உலோகச் சட்டகத்தில்தான் வரிசை எண் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அதுதான் துப்பாக்கி, வெளியே உள்ள பிளாஸ்டிக் பிடியை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். மேலே சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி பொருத்தவும் இப்போது பள்ளம் வெட்டியே விற்கிறார்கள்.

இவ்வளவு சுருக்கியதற்கு விலை இல்லாமலா? எடை குறைந்தால் உதை கூடும்; அதே தோட்டா, அதே விசை, தாங்கும் கனம் மட்டும் குறைவு. மேலே ஓடும் ஸ்லைடு சிறுத்ததால் அதை அடக்க ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும். பிறகு அதைக் கையால் பின்னுக்கு இழுப்பதே பலருக்குச் சிரமம். 2018-இல் ஸ்மித் அண்ட் வெஸன் ‘ஈஸி’ என்ற பெயரில், விசை குறைந்த .380 தோட்டாவுக்கு, எளிதில் இழுக்கும்படி ஒரு துப்பாக்கி விட்டதே இந்தப் புகாருக்குப் பதிலாகத்தான்.

வேடிக்கை என்னவென்றால், சுருங்கியது இப்போது மறுபடி வளர்கிறது. 2022-இல் வந்த பி365 எக்ஸ்மேக்ரோவில் 17 தோட்டா. பழைய க்ளாக் 17-இலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் அந்தத் தடிமன் இல்லை. பிடியை நீட்டி, உதையைத் தணிக்க முனையில் வாயு வெளியேறும் வழியும் வைத்திருக்கிறார்கள். மறைப்பதற்கு இடைஞ்சல் நீளத்தைவிடத் தடிமன்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள் போலும்.

அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. நீளத்தையும் சேர்த்துச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இல் வந்த ரூகர் எல்சிபி உதாரணம். எடை சுமார் 270 கிராம்தான். பையில் போட்டால் தெரியாது. ஆனால் புதிதாகச் சுடப் பழகுகிறவர் கையில் கட்டுப்படுத்தக் கடினமானதும் அந்த அளவுத் துப்பாக்கிதான். முதல் துப்பாக்கியாக அதை விற்பது தவறான யோசனை.