வீட்டு 'பிரிட்ஜி'ல் ரத்தம்! துணிந்து இறங்கிய டாக்டர் மாணவி

"எய்ட்சா? அது வெளிநாட்டு வியாதிங்க, நம்ம ஊருக்கெல்லாம் வராது!"

1986-ல் இப்படித்தான் பேச்சு. சென்னை மருத்துவக் கல்லூரி பேராசிரியை சுனிதி சாலமனோ, சோதித்தே பார்த்துவிடச் சொன்னார். மேல்படிப்பு மாணவி நிர்மலா களம் இறங்கினார்.

கணவரின் ஸ்கூட்டரில் போய், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட கிடையாது! வீட்டு பிரிட்ஜிலேயே பத்திரப்படுத்தினார். சென்னையில் சோதனை வசதி இல்லை. ராத்திரி ரெயில் ஏறி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார்.

6 பேர் ரத்தத்தில் எச்.ஐ.வி! அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதையே சொன்னது. இந்தியாவில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு.

இன்று மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம். ஆனால், இருப்பது தெரிந்தால்தானே மாத்திரை? அரசு ஆஸ்பத்திரியில் சோதனை இலவசம். வெட்கப்படாமல் போங்க!