அகத்தே எழும் அச்சம்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினை எடுத்தோதினார். இந்நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. பேயோ புலியோ நம்மை நோக்கி வருகின்றது, நாம் நடுங்குகின்றோம். ஆயின், ஒருவன் தன் நெஞ்சினையே அஞ்சுவானாயின் அவ்வச்சத்தை இந்நான்கனுள் எதன்பாற் படுத்துவது? இவ்வினா எமக்கு ஏட்டைப் புரட்டும்பொழுது தோன்றியதன்று. வீடியோ விளையாட்டு ஒன்றினை ஆடியபொழுது தோன்றியது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்விளையாட்டுக்களில் என்ன வேலை என்று ஆசிரியர் சிலர் முறுவலிக்கலாம். அச்சத்தை ஆக்கும் நெறி எங்கே செவ்விதின் அமைந்திருப்பினும், அதனை ஆராய்தல் மெய்ப்பாட்டியல் கற்பார்க்கு உரியதே என்பது எம் துணிபு.

இருள் மூலையினின்று கொடியதோர் உருவத்தைப் பேரொலியோடு திரையிற் பாய்விக்கும் விளையாட்டுக்கள் பல உள. நாம் துள்ளி எழுகின்றோம், மறுகணமே நகைக்கின்றோம். அது திடுக்கீடேயன்றி அச்சமன்று. கதவின் பின் ஒளிந்துநின்று கூவும் சிறுவனும் அத்துணை செய்ய வல்லான். ஈண்டு யாம் கருதுவது, பொறியை நிறுத்திவிட்டுப் படுக்கைக்குச் சென்ற பின்னரும் உடன் வரும் அச்சத்தையே ஆகும். அதற்கு உளநிலை அச்சம் என்று பெயரிடுவாம்.

அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவது 'ஸைலண்ட் ஹில் 2' என்பது. ஜப்பானியரான கொனாமி நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் ப்ளேஸ்டேஷன் 2 என்னும் பொறிக்கென இதனை வெளியிட்டனர். கதை நிகழுமிடம் அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்று. ஜேம்ஸ் ஸண்டர்லண்ட் என்பானுக்கு அவன் மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகின்றது. தாம் இருவரும் முன்னொருகால் மகிழ்ந்திருந்த அவ்வூரில் அவனுக்காகத் தான் காத்திருப்பதாக அவள் எழுதியிருக்கின்றாள். அவளோ நோயுற்று மூன்றாண்டுகட்கு முன்னரே இறந்துபோனவள் என்று அவன் கூறுகின்றான். இறந்தவள் எழுதுவது யாங்ஙனம்? அதனை அறிய விழைந்து அவன் ஊர்க்குள் நுழைகின்றான். அவனை நடத்திச் செல்லும் பொத்தான்களோ நம் கையில் உள்ளன. (இவ்விளையாட்டை இனி ஆட எண்ணியிருப்பார் இத்துடன் நிறுத்திக்கொள்க. மறைபொருளை வெளியிடாது மேற்செல்லுதல் எமக்கு இயலாது.)

அவ்வூரை மூடியிருப்பது மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உள்ளது மரமோ மனிதனோ என்று துணிய இயலாது. இப்பனியின் வரலாறு சுவையுடையது. 1999-இல் வெளிவந்த முதல் 'ஸைலண்ட் ஹில்' ஆட்டத்தில், தொலைவிலுள்ள வீதிகளையும் வீடுகளையும் ஒருங்கே வரைந்துகாட்ட அக்காலத்துப் பொறியால் இயலாமையின், அக்குறையை மறைத்தற்குப் பனியும் இருளும் பயன்பட்டன. வறுமையை மறைக்க உடுத்த ஆடையே அணியாயிற்று. பின்னைய பொறி ஆற்றல் மிக்கதாய் இருந்தும், இரண்டாம் ஆட்டத்தை இயற்றியோர் பனியை நீக்கினாரல்லர். காணாத இடத்தை நெஞ்சம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதை அவர் கண்டுகொண்டனர்.

கண்ணுக்குப் பனி செய்வதனைச் செவிக்கு ரேடியோ செய்கின்றது. ஜேம்ஸ் கொண்டுசெல்லும் சிறிய ரேடியோ, கொடியது ஏதேனும் அணுகுந்தோறும் கரகரவென இரையும். முன்னறிவிப்பு உதவியன்றோ எனின், உதவியே. ஆயினும் வருவது எது, எத்திசையினின்று வருகின்றது என்பவற்றை அது உரையாது. ஆகலின் அவ்விரைச்சல் எழுந்தது முதல் உருவம் பனியைக் கிழித்துத் தோன்றும் வரையுள்ள சில நொடிகளே உருவத்தினும் கொடியவாகின்றன. தோன்றியபின் அச்சம் ஒருவாறு குறைந்துவிடுகின்றது. அடிப்பதோ ஓடுவதோ ஏதேனும் ஒரு தொழில் நமக்குக் கிடைத்துவிடுகின்றதன்றோ?

ஸ்வீடன் நாட்டார் 2010-இல் வெளியிட்ட 'அம்னீஷியா' அத்தொழிலையும் பறித்துவிட்டது. அதில் நமக்குப் படைக்கலம் யாதும் இல்லை; ஓடலாம், ஒளியலாம், அவ்வளவே. அன்றியும், கொடிய உருவினை நெடிது நோக்கின் தலைவனின் அறிவு திரியும், திரையும் கலங்கும். ஆதலின் நாமே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்குகின்றோம். பனி செய்த வேலையை ஈண்டு ஆடுவோனே செய்துகொள்கின்றான்! 2002-இல் வந்த 'எடர்னல் டார்க்னஸ்' வேறொரு வழி சென்றது. நாம் சேமித்துவைத்த ஆட்டம் முழுதும் அழிந்துபோனதாகப் பொய்யாகத் திரையிற் காட்டி நம்மையே பதறச் செய்தது. கூரிய சூழ்ச்சிதான். எனினும் ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை ஏமாறான். அது கழைக்கூத்தன் வித்தைக்கு ஒப்பானது என்போம்.

'ஸைலண்ட் ஹில் 2' அங்ஙனம் தேய்ந்துபோகாமைக்குக் காரணம், அதன் பேய்களுட் பெரும்பாலானவை ஜேம்ஸின் நெஞ்சினின்று பிறந்தவை என்பது. தன் தோலுக்குள்ளேயே கட்டுண்டு நெளியும் உருவங்களும், முகஞ்சிதைந்த மருத்துவத் தாதியரும் நோயாளியின் அறையை நினைவூட்டுவன. கூம்பிய இரும்புத் தலையோடு பெரிய கத்தியை இழுத்துவரும் கொடியோன், ஜேம்ஸ் தன்னை ஒறுத்தற்கு ஒருவன் வேண்டுமென உள்ளூர விழைந்தமையால் தோன்றியவன். இறுதியில் ஜேம்ஸே அதனை உணர்கின்றான். ஆஞ்சலா என்னும் நங்கைக்கோ அவ்வூரின் மாடிப்படிகள் தீப்பற்றி எரிகின்றன. தனக்கு எப்பொழுதும் இவ்வாறே தோன்றுவதாக அவள் உரைக்கின்றாள். எட்டு வயதுச் சிறுமி லாராவோ யாதொரு தீங்கும் காணாதவளாய் ஊரெங்கும் ஓடி விளையாடுகின்றாள். ஊர் ஒன்றே, காண்பார் நெஞ்சம் வேறு.

மேரியின் கடிதத்தை ஜேம்ஸ் உடன்கொண்டு திரிகின்றான். நாம் வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம். ஆட்டம் முதிர்ந்தபின் எடுத்துப் பார்ப்போமாயின் அதன் எழுத்துக்கள் மறைந்து வெற்றுத் தாளாய் இருப்பதனைக் காண்போம். அதனை அறிவிக்கும் இசையில்லை, கூச்சலில்லை. மீண்டும் எடுத்துப் பாராதவன் அதனை அறியவே மாட்டான். எம் உடல் குளிர்ந்தது கூம்புத்தலையனைக் கண்டபொழுதன்று. அவ்வெற்றுத் தாளைக் கண்டபொழுதே.

அக்கடிதம் என்றும் வந்ததேயில்லை. மேரியை நோய் கொன்றதுமன்று. படுக்கையிற் கிடந்த அவளைத் தலையணையால் மூச்சடைத்துக் கொன்றவன் ஜேம்ஸே. அதனைத் தாங்கமாட்டாத அவன் நெஞ்சம் மறந்திருந்தது. அவள் படுந்துயரைக் காணப் பொறாது செய்தானா, பேணிப்பேணிச் சலித்துத் தன் வாழ்வை மீட்டுக்கொள்ளச் செய்தானா என்னும் வினாவிற்கு ஆட்டம் ஒற்றை விடை தருவதில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன என்றே காட்டுகின்றது. நெடுநாள் நோயாளரை வைத்துப் பார்த்த இல்லத்தார் இதனை விளக்கமின்றியே அறிவர். ஈண்டு அச்சம் இளிவரலாகி, இளிவரல் அழுகையாகின்றது. கொலையாளியை வெறுக்க வேண்டிய இடத்தில் நாம் வெறுக்கமாட்டாது திகைக்கின்றோம். இத்துணை நேரம் அவனை நடத்திவந்த கை நம் கையன்றோ? வழியிலே ஆழந்தெரியாத இருட்குழிகள் பல வந்தன. அவன் தானாகக் குதிக்கவில்லை. ஒவ்வொருமுறையும் பொத்தானை அழுத்திக் குதிப்பித்தவர் நாம். நாவலும் நாடகமும் இதனைச் செய்தல் அரிது.

முடிவிலும் இவ்விளையாட்டு நம்மை விடுவதில்லை. அதற்குப் பல முடிவுகள் உள. எதனை வேண்டுகின்றீர் என்று அது கேட்பதில்லை. நாம் ஆடிய வகையினை மறைவாக நோக்கித் தானே துணிகின்றது. மேரியின் நிழற்படத்தைப் பலகால் எடுத்துப் பார்த்தோமா, காயமுற்றவுடன் மருந்திட்டோமா, அவளைப்போலவே தோற்றமுடைய மரியா என்பாளை விட்டுப் பிரியாதிருந்தோமா என்பனவெல்லாம் கணக்கிலே சேர்கின்றன. ஆஞ்சலா தன் கத்தியொன்றை ஜேம்ஸிடம் ஒப்புவிக்கின்றாள். அதனாற் போர்செய்ய இயலாது. எடுத்துப் பார்க்க மட்டுமே இயலும். அதனைப் பார்த்தும், காயத்திற்கு மருந்திடாது நெடுநேரம் திரிந்தும் வந்தவனுக்கு, ஜேம்ஸ் ஏரியில் மூழ்கி இறக்கும் முடிவே பெரும்பாலும் வாய்க்கின்றது. எம் நண்பர் ஒருவர்க்கு அம்முடிவே வந்தது. தாம் அக்கத்தியை அத்துணை முறை எடுத்துப் பார்த்தது ஏன் என்று அவர் இன்னும் எம்மை வினவிக்கொண்டே இருக்கின்றார்.