பெயரறிந்து பழகுதல்: உக்ரைனியரும் நாமும்

தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறையினர் சோவியத் நாட்டை அறிந்துகொண்டது மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வெளிவந்த நூல்களின் வாயிலாகவே. குறைந்த விலையில் கிடைத்த அந்நூல்கள் நமக்களித்த செல்வம் பெரிது. எனினும் அவற்றோடு ஒரு பழக்கமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. பதினைந்து குடியரசுகளையும் 'ருஷ்யா' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டோம். உக்ரைனின் பொல்தாவாப் பகுதியில் 1809இல் பிறந்த கோகல், ருஷ்ய மொழியில் எழுதியமையால் நமக்கு ருஷ்யர் மட்டுமே ஆனார். கீவ் நகருக்கு மருத்துவம் பயிலச் சென்ற மாணவரையும் 'ருஷ்யாவில் படிக்கிறார்' என்று சொல்வோர் நம்மிடையே இருந்தனர்.

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யப் படையெடுப்பு முழு அளவில் தொடங்கியபின், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டிலிருந்து தாயகம் திரும்பினர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர். உக்ரைனியரும் இலட்சக்கணக்கில் ஐரோப்பிய நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர். அந்நகரங்களில் வாழும் நம்மவர்க்கு அவர்கள் இன்று அண்டை வீட்டாராகவும் உடன் பணியாற்றுவோராகவும் உள்ளனர். இந்நிலையில் நாம் அறியாமற் சொல்லும் ஒரு சொல், அவர்களது ஆறாத புண்ணைத் தொட்டுவிடக்கூடும். அது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், தவிர்ப்பது கடினமன்று.

உக்ரைனியரைப் பொறுத்தவரை பெயர் வெறும் அடையாளக் குறியன்று. சார் ஆட்சியில் அவர்கள் நாடு 'சின்ன ருஷ்யா' எனப்பட்டது; மொழி ருஷ்யத்தின் வட்டார வழக்கு எனத் தாழ்த்தப்பட்டது. 1863இல் உள்துறை அமைச்சர் வலுயேவ் பிறப்பித்த சுற்றறிக்கை, அம்மொழியில் சமய நூல்களும் கல்வி நூல்களும் அச்சாவதைத் தடுத்தது. 1876இல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்த இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் ஒப்பமிட்ட ஆணை இத்தடையை மேலும் விரிவாக்கியது. பண்ணையடிமையாகப் பிறந்த கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ 1847இல் நாடுகடத்தப்பட்டபோது, எழுதவும் ஓவியம் தீட்டவும் கூடாதென விலக்கப்பட்டார். 'நீங்களும் ருஷ்யர்களும் ஒன்றுதானே' என்று நாம் இயல்பாகச் சொல்வது, இத்தடைகளுக்கு அடிப்படையாயிருந்த வாதத்தையே அவர்கள் செவியில் மீண்டும் ஒலிக்கச் செய்கிறது. சோவியத் காலத்தில் நட்புமொழியாக வழங்கிய 'சகோதர மக்கள்' என்னும் தொடரும் இன்று அவர்களுக்கு உவப்பானதன்று.

ஊர்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். கார்கோவ், ல்வோவ் என்பன ருஷ்ய வடிவங்கள். கார்கிவ், ல்விவ் என்பன உக்ரைனிய வடிவங்கள். தலைநகரின் பெயரை உக்ரைனிய ஒலிப்பின்படி எழுதுமாறு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் 2018இல் உலக ஊடகங்களை வேண்டும் இயக்கமொன்றைத் தொடங்கியது. பல பன்னாட்டு ஊடகங்கள் அடுத்த ஆண்டுகளில் அவ்வாறே மாற்றிக்கொண்டன.

இங்கு மறுபுறமும் ஓர் எச்சரிக்கை தேவை. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 67.5 விழுக்காட்டினர் உக்ரைனிய மொழியையும், 29.6 விழுக்காட்டினர் ருஷ்ய மொழியையும் தாய்மொழியெனப் பதிவு செய்தனர். ஆகவே ருஷ்யம் பேசும் உக்ரைனியரைக் கண்டு அவரது நாட்டுப்பற்றை ஐயுறுவது பிழை. உக்ரைனியர் எவரிடமும் ருஷ்யத்திலேயே பேசலாமெனக் கொள்வதும் பிழை. எம்மொழியில் உரையாடலாம் என்று முதலில் கேட்பதே முறை.

விளிக்கும் முறையில் நமக்கு அயன்மையில்லை. 'நீ', 'நீங்கள்' என்பவற்றைப் போன்றே அவர்களிடம் 'தி', 'வி' என இரு முன்னிலைச் சொற்கள் உண்டு. மூத்தோரையும் புதியோரையும் 'வி' என்றே அழைப்பர். ஆடவர் பெயர்க்கு முன் 'பான்' என்பதும், பெண்டிர் பெயர்க்கு முன் 'பானி' என்பதும் மரியாதைச் சொற்கள். ஆசிரியர் போன்றோரைத் தந்தை பெயரடியாக அமைந்த பெயரையும் சேர்த்து அழைப்பதுண்டு. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையாக உள்ள விளி அவர்கள் மொழியிலும் தனி வேற்றுமையாக வாழ்கிறது. இவானை அழைக்கும்போது 'இவானே' என்றும், ஒக்ஸானாவை அழைக்கும்போது 'ஒக்ஸானோ' என்றும் கூறுவர். தற்கால ருஷ்யத்தில் இவ்வேற்றுமை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அயலார் ஒருவர் தம் பெயரை இவ்வாறு விளிக்கக் கேட்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

வீட்டுக்கு அழைக்கப்பட்டால் வாயிலிலேயே காலணியைக் கழற்றுவது அவர்களுக்கும் வழக்கம். உள்ளே அணிய மென்செருப்பைத் தருவர். வாசற்படியின் இருபுறமும் நின்று கைகுலுக்குவதையும் பொருளைக் கைமாற்றுவதையும் பலர் ஆகாதெனக் கருதுவர். மலர் கொண்டு சென்றால் அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயிருத்தல் வேண்டும், இரட்டைப்படை இறந்தோர்க்குரியது. சிறப்பு விருந்தினரைப் பூத்தையலிட்ட துணியின்மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்பது பழமரபு. ஒரு துண்டைப் பிட்டு, உப்பில் தொட்டு உண்ண வேண்டும். 'போர்ஷ்ச்' என்னும் செங்கிழங்குச் சாற்றை ருஷ்ய உணவெனப் புகழ்வது பாராட்டாகாது. உக்ரைனியரின் போர்ஷ்ச் சமையல் மரபை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2022 ஜூலையில் சேர்த்தது. அதில் பன்றியிறைச்சி இடுவதுண்டாதலால் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. மதுவையும் 'சாலோ' எனப்படும் பன்றிக் கொழுப்பையும் மறுக்கும்போது முகஞ்சுளிக்கலாகாது. நம் மார்க்க நெறி இதுவென அமைதியாகக் கூறி, உலர்கனி ஊறலான 'உஸ்வார்' பருகி விருந்தில் கலந்துகொள்ளலாம்.

துயரைப் பற்றிய பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். 1932-33இல் ஸ்டாலின் ஆட்சியில் விளைந்த 'ஹொலொதொமோர்' என்னும் பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நவம்பர் மாத நான்காம் சனிக்கிழமை மாலையில் அவர்கள் நினைவாகச் சாளரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். 2022 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி, நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் போரில் உயிர்நீத்தோர்க்காக மௌனம் காப்பதும் வழக்கமாயிற்று. ஆடவர் ஒருவரிடம் 'ஏன் போர்முனைக்குச் செல்லவில்லை' என்று வினவுவதும், இழப்புகளை விவரிக்குமாறு தூண்டுவதும் கூடாதவை. அவராகச் சொன்னால் செவிமடுப்பதே பரிவு.

முஸ்லிம் வாசகர்களாகிய நாம் தனியே அறியவேண்டியது ஒன்றுண்டு. 'தாத்தாரியர்' என்றதும் 1258இல் பக்தாதை அழித்த மங்கோலியரே நம் நினைவில் எழுவர். கிரீமியத் தாத்தாரியரோ கிரீமியாவின் பழங்குடி முஸ்லிம்கள். பாக்சிசராய் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1783 வரை தமக்கென ஓர் அரசை உடையவர்களாக வாழ்ந்தவர்கள். அறிஞர் இஸ்மாயில் கஸ்பிரளி 1883இல் 'தர்ஜுமான்' இதழைத் தொடங்கியது அங்கேதான். 1944 மே 18 அன்று தொடங்கிய நாடுகடத்தலில் 1,80,000க்கும் மேற்பட்டோர் உஸ்பெகிஸ்தானுக்கும் பிற பகுதிகளுக்கும் இரயில் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டனர். அவர்களது ஊர்ப் பெயர்களுள் பெரும்பாலானவை ருஷ்யப் பெயர்களாக மாற்றப்பட்டன. 1967ஆம் ஆண்டு சோவியத் ஆணை அவர்களை 'முன்பு கிரீமியாவில் வாழ்ந்த தாத்தார் இனக் குடிமக்கள்' என்று மட்டுமே குறித்தது. கிரீமியத் தாத்தாரியர் என்னும் பெயரைக்கூட அது வழங்க முன்வரவில்லை. எண்பதுகளின் இறுதியிலேயே அவர்கள் பெருந்திரளாகத் தாயகம் திரும்ப முடிந்தது. 2014இல் ருஷ்யா கிரீமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2016இல் அம்மக்களின் பேரவையாகிய மெஜ்லிஸைத் தடைசெய்தது. அவர்களை 'ருஷ்ய முஸ்லிம்கள்' என நம் கட்டுரைகளில் எழுதுவது, 1967ஆம் ஆண்டு ஆணை செய்ததை நாமும் செய்வதாகும்.

இவ்வளவும் நினைவில் நில்லாதெனத் தோன்றினால் ஒன்றை மட்டும் கைக்கொள்வோம். உக்ரைனியர் ஒருவரைச் சந்திக்கையில் அவர் பெயரையும் ஊரின் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, அவ்வாறே திருப்பிச் சொல்வோம். முதல் முயற்சியில் நா தடுமாறலாம், அவர் திருத்துவார். அத்திருத்தத்தை ஏற்கும் பணிவிலிருந்தே நட்பு தொடங்கும்.