ஸ்வீடன் நாட்டு மான் வேட்டை

வேட்டை என்னும் சொல்லைக் கேட்டவுடன், யானை மீதமர்ந்த அரசரும், துப்பாக்கி ஏந்திய சீமான்களும், மாளிகைச் சுவரில் மாட்டிய கொம்புகளும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. செல்வர்கள் தம் வீரத்தைக் காட்ட மேற்கொண்ட பொழுதுபோக்காகவே அதனை நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள ஸ்வீடன் நாட்டிலோ, உழவரும் தச்சரும் பள்ளியாசிரியரும் நண்பர்களாக ஒன்றுகூடி ஆண்டுதோறும் செய்யும் ஊர்ப்பணியாக அது விளங்குகிறது. அப்பணி எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் ஒரு நாய்க்கும் ஒரு சிறு கத்திக்கும் உரிய இடம் யாது என்பவற்றை இங்கே காண்போம்.

அவர்கள் வேட்டையாடும் விலங்கின் பெயர் எல்க். அமெரிக்காவில் இதனையே மூஸ் என்பர். மான் இனத்திலேயே மிகப் பெரியது இது. நம் காடுகளில் வாழும் கடமானும் இதன் முன் சிறியதாகத் தோன்றும். வளர்ந்த ஆண் விலங்கு தோளளவில் இரண்டு மீட்டர் உயரம் நிற்கும். 500 கிலோகிராம் எடையையும் எட்டக்கூடும்.

இவ்விலங்கின் வரலாறு படிப்பினை நிறைந்தது. 1789ஆம் ஆண்டில் மன்னர் மூன்றாம் குஸ்தாவ், நிலமுடைய குடியானவர்களும் தத்தம் நிலத்தில் வேட்டையாடலாம் என்று உரிமை வழங்கினார். உரிமை வந்தது, அதற்கேற்ற கட்டுப்பாடு வரவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எல்க் அந்நாட்டில் அருகிப்போயிற்று. பின்னர்த் தடைகளும் பருவ வரையறைகளும் ஏற்பட்டன. விலங்கு மெல்ல மீண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடுகளைப் பரப்புப் பரப்பாக வெட்டி மீண்டும் நடும் முறை பரவவே, இளந்தளிர்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஓநாய்களோ ஏறத்தாழ அற்றுப்போயிருந்தன. ஆகவே எல்க் பெருகிற்று. 1982ஆம் ஆண்டில் மட்டும் 1,74,000க்கு மேற்பட்ட எல்க்குகள் வேட்டையாடப்பட்டன என்றால் அப்பெருக்கத்தை ஒருவாறு உணரலாம். அதன்பின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது.

ஏன் குறைக்க வேண்டும் என்று மாணவர்கள் வினவலாம். குளிர்காலத்தில் எல்க் இளம் பைன் மரங்களின் தளிர்களைத் தின்று காட்டை வளரவொட்டாமல் செய்யும். இரவில் சாலையைக் கடக்கும்பொழுது மோட்டார் வண்டி மோதினால், நெடிய கால்களுக்கு மேலுள்ள பேருடல் வண்டியின் முன்கண்ணாடி மீது சாயும். மக்கள் உயிரிழப்பதும் உண்டு. வேட்டையே கூடாது என்போர் அந்நாட்டிலும் இருக்கின்றனர். எனினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அரசுக்குரிய கட்டணத்தைச் செலுத்தி வேட்டைக்குரிய அட்டையைப் பெறுகின்றனர். புதிதாகத் துப்பாக்கி ஏந்த விரும்புவோர் 1985 முதல் நடைமுறையிலுள்ள தேர்வில் தேற வேண்டும். விலங்குகளை இனங்காணுதல், சட்ட அறிவு, குறி தவறாமை ஆகிய யாவும் அதில் சோதிக்கப்படும்.

வடபகுதியில் செப்டம்பரிலும் தென்பகுதியில் அக்டோபரிலும் வேட்டை தொடங்கும். வடக்கே பலர் அதற்கெனவே தம் அலுவலில் விடுப்பு எடுத்துக்கொள்வர். ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு தலைவர் உண்டு. விடியலில் நண்பர்கள் கூடியதும், எவர் எங்கே காத்திருப்பது என்பது பல குழுக்களில் திருவுளச் சீட்டினால் முடிவாகும். செல்வர்க்கு நல்லிடம், எளியவர்க்கு எஞ்சிய இடம் என்ற வேறுபாடு இல்லை. ஒருவரையொருவர் தெளிவாகக் காணும் பொருட்டு ஆரஞ்சு நிறத் தொப்பியோ சட்டையோ அணிவர். குண்டு குறி தப்பினும் பின்னாலுள்ள மண்ணில் புதையும் என்ற உறுதி இல்லாவிடில் சுடலாகாது. தாயும் கன்றும் சேர்ந்து வரின் தாயை முதலிற் சுடலாகாது. தாயை இழந்த கன்று கடுங்குளிரில் தனித்து வாடி மடியும் அன்றோ?

இனி நாயைப் பற்றிக் கூறுவோம். யெம்ட்லாந்து என்னும் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சாம்பல் நிற நாய் இவ்வேட்டைக்குப் பெயர் பெற்றது. 1946ஆம் ஆண்டில் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. காட்டில் அவிழ்த்துவிட்டவுடன் அது எல்க்கைத் தேடிக் கண்டு, எதிரே நின்று இடைவிடாது குரைக்கும். எல்க் ஓடாமல் நாயையே நோக்கி நிற்க, வேடர் அக்குரலைக் கொண்டு காற்றுக்கு எதிராக அணுகுவார். இளநாய்க்கு இது எளிதில் கைவராது. ஆர்வ மிகுதியால் நெருங்கினால் எல்க் ஓடிவிடும். அல்லது ஓர் உதையில் நாயின் உயிரையே போக்கிவிடும். நெருங்கவும் வேண்டும், விலகியும் நிற்க வேண்டும் என்ற அந்த அளவறிதலே அதன் கல்வி.

அதனினும் அரிய கல்வி ஒன்று உண்டு. குண்டுபட்ட எல்க் உடனே வீழாமல் அடர்காட்டினுள் ஓடி மறைதல் கூடும். பாசி படர்ந்த தரையில் சில துளிக் குருதிக்கு மேல் மனிதன் கண்ணுக்குப் புலப்படாது. அவ்விலங்கு நாட்கணக்கில் துன்புற்றுச் சாக விடுவதைவிடக் கொடுமை வேறில்லை. ஆதலால், எல்க் போன்ற மானினங்களை வேட்டையாடுங்கால் தடம் பற்றப் பழகிய நாய் ஒன்று, குண்டுபட்ட இரண்டு மணி நேரத்திற்குள் அவ்விடத்தை அடையக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்று ஸ்வீடன் நாட்டுச் சட்டமே விதிக்கின்றது.

அதற்குரிய பயிற்சி சுவையானது. சிறிது குருதியைத் துளித்துளியாகத் தெளித்து, விலங்கின் குளம்பொன்றைக் காட்டினூடே இழுத்துச் சென்று செயற்கைத் தடம் அமைப்பர். தேர்வுக்குரிய தடம் ஏறத்தாழ 600 மீட்டர் நீளம் இருக்கும். அத்தடம் சில மணி நேரம் பழமைப்பட்ட பின்பே இளநாயை நீண்ட வாரில் கட்டி அழைத்து வருவர். வழியில் முயலின் புதுமணம் குறுக்கிடும். காயமுறாத வேறு மானின் தடம் ஈர்க்கும். அவற்றையெல்லாம் விடுத்துத் தொடங்கிய தடத்தையே முடிவுவரை பற்றிச் செல்வதே தேர்ச்சி.

எல்க் வீழ்ந்தபின் கத்தியின் வேலை தொடங்குகின்றது. அத்தனை பெரிய உடலின் வெப்பம் தானே தணியாது. குடலை விரைந்து நீக்காவிடில் இறைச்சி கெட்டுவிடும். இதற்கு வாள் போன்ற நீண்ட கருவி வேண்டுவதில்லை. கையளவேயான அலகு போதும். கைவினைஞர் செய்யும் கத்தியில், கடினமான எஃகை நடுவே வைத்து இருபுறமும் மென்மையான இரும்பைச் சேர்த்து அடிப்பதுண்டு. நடுவிலுள்ள எஃகு கூர்மையைக் காக்கும். புறத்திரும்பு முறியாமல் காக்கும். அலகின் ஒடுங்கிய காம்பு பிடிக்குள் மறைந்திருக்கும். ஆகவே உறைபனியிலும் குளிர்ந்த உலோகம் உள்ளங்கையில் படாது. வரி சுழன்ற பிர்ச் மரத்தாலோ கலைமான் கொம்பாலோ பிடி அமைப்பர். தோலை நனைத்துக் கத்தியின் வடிவுக்கேற்பத் தைத்து உறை செய்வர். கைத்தொழில் அந்நாட்டுப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாதலின், தம் கத்தியைத் தாமே செய்துகொள்ளும் வேடரும் பலர்.

இறைச்சியைத் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலையையும் நாட்களின் எண்ணிக்கையையும் பெருக்கினால் ஏறத்தாழ 40 வருதல் வேண்டும். பத்துப் பாகை வெப்பமாயின் நான்கு நாட்கள். ஐந்து பாகையாயின் எட்டு நாட்கள். பின்னர் இறைச்சியைக் குழுவினர் பங்கிட்டுக்கொள்வர். குண்டு எவருடையதாயினும் விளைவு அனைவர்க்கும் பொது.

நம் நாட்டின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. அருகிவரும் உயிர்களைக் காக்க அது இன்றியமையாதது. ஆயினும், ஸ்வீடன் நாட்டு வேடர் கடைப்பிடிக்கும் நெறி ஒன்று வேட்டையாடாத நமக்கும் உரியது. விசையை இழுப்பது ஒரு நொடி வேலை, எவரும் செய்யலாம். இழுத்ததன் விளைவைத் தேடி, இருட்டும் குளிரும் பாராமல், ஓர் இளநாயின் பின்னே மைல் கணக்கில் நடந்து செல்வதே அங்கே வேடனுக்குரிய தகுதியாகக் கருதப்படுகின்றது.