ஆலங்காட்டில் விழுந்த குண்டலம்: அணிகலன் வடிவமைப்பில் ஒரு பெண்ணிய வாசிப்பு

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில், இரத்தின சபைக்குரிய நடனப் போட்டிக் கதையின் திருப்பம் ஒரு காதணியில் அமைகிறது. ஆடுகையில் விழுந்த குண்டலத்தைச் சிவன் கால்விரலால் எடுத்து, காலை உயர்த்தியே செவியில் அணிகிறார். நாணத்தால் காலுயர்த்தாத காளி தோற்கிறாள். அவள் ஆட்டத்தில் குறைந்தவள் எனக் கதை கூறவில்லை. வெற்றியை முடிவுசெய்தது திறனன்று. பெண்ணுடலுக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கமே.

இக்கதையை அணிகலனாக்குவோர் காளி முகத்தைப் பதக்கத்தில் பொறிப்பது எளிது. ஆயின் போட்டியின் சிக்கல் அதில் புலப்படாது. நடராசர் படிமங்களில் ஒரு செவியில் ஆணுக்குரிய மகரகுண்டலமும் மறுசெவியில் பெண்ணுக்குரிய தோடும் அமைவது மரபு. இணையாத இக்காதணிகளே வளமான மூலம். ஒன்றைச் செவிக்கும் மற்றொன்றைக் கால்விரலுக்குரிய மெட்டியாகவும் வடித்தால், காளி உயர்த்தாத காலும் கதைக்குள் வரும். மணமான பெண்ணின் அடையாளமாக மெட்டி வழங்குவதால், அந்நாணத்தின் சமூக வேரும் உடன் வெளிப்படும்.